ஒரு ரிங்

அந்தத் தெருவில் யார் போனில் காசு தீர்ந்தாலும், கடைக்குப் போவதற்கு முன்னால் ரீசார்ஜ் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் போவார்கள். அவள் ஒன்றும் போன் கடை வைத்திருக்கவில்லை. சலவை ஆலையில் துணி மடிப்பது அவள் வேலை. ஆனால் எந்தக் கம்பெனிக்காரன் இருபத்தெட்டு நாளை ஒரு மாதம் என்று சொல்லி நம் தலையில் மிளகாய் அரைக்கிறான், எவன் பேச்சை இலவசமாகக் கொடுத்துவிட்டு நெட்டில் பிடுங்கிக்கொள்கிறான், எந்தப் போனின் பேட்டரி ஆறே மாதத்தில் ஊதிக்கொள்ளும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, மேலே கம்பெனிகளை வரிசையாக எழுதி, கீழே விலை, நாள், பேச்சு, நெட் என்று நிரப்பிச் சமையலறைச் சுவரில் மாட்டியிருப்பாள். யாராவது வந்து கேட்டால் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தாளைப் புரட்டும்போது முகத்தில் ஒரு பெருமை வரும். அதை மறைக்க அவளுக்குத் தெரியாது. மறைக்க வேண்டிய அவசியமும் அதுவரை வந்ததில்லை.

இவ்வளவு விவரம் தெரிந்தவளின் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் போனில் பேசிக்கொள்வதே கிடையாது என்பதுதான் வேடிக்கை.

அவள் கணவர் ஆற்றோரத்து பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். ஊருக்கு வெளியே பன்னிரண்டு கிலோமீட்டர். சாலை இறங்கி, பாறையை வெட்டிய பள்ளத்துக்குள் போய், அங்கிருந்தும் இன்னும் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். காலை ஆறு மணிக்குப் போய் மோட்டாரைப் போடுவார். ஒன்பது மணிக்கு ஊர்த் தொட்டி நிறைந்ததும் நிறுத்துவார். வலையில் சேர்ந்த குப்பையை வழிப்பார். அளவுகளை நோட்டில் எழுதுவார். மத்தியானம் இன்னொரு தடவை ஓட்டிவிட்டு இரண்டு மணிக்குப் பூட்டிக்கொண்டு கிளம்புவார். பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. இரண்டு மோட்டார்களும் சுவரில் ஒரு கடிகாரமும்தான் கூட இருப்பவை.

பதினோரு வருஷத்துக்கு முன், நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு பிடித்த காலத்தில், அவர்தான் ஒரு வழி சொன்னார். ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால் பத்திரமாக இடத்துக்கு வந்தாயிற்று என்று அர்த்தம். இரண்டு ரிங் என்றால் கிளம்பியாயிற்று. மூன்று ரிங் அடித்தால் அவசரம், அவள் உடனே திருப்பிக் கூப்பிட வேண்டும். எந்தக் காரணத்தைக் கொண்டும் போனை எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் காசு.

"ஒரு ரிங் வந்துச்சுன்னா நான் போய்ச் சேர்ந்துட்டேன்னு வெச்சுக்க" என்று அவர் சொன்னபோது அவளுக்குச் சுருக்கென்றது.

"நல்ல வார்த்தை கிடைக்கலையா உங்களுக்கு? வந்துட்டேன்னு சொல்லுங்க."

அன்றிலிருந்து ஒரு ரிங்குக்கு 'வந்துட்டேன்' என்றே பெயர். பதினோரு வருஷத்தில் மூன்று ரிங் நான்கே தடவைதான் அடித்திருக்கிறது. ஒரு தடவை மழையில் சாலை அறுத்துக்கொண்டு போனபோது, இரண்டு தடவை மொபெட் பழுதானபோது, ஒரு தடவை அவருடைய அப்பா இறந்த செய்தி முதலில் அவருக்கு வந்தபோது. மற்ற நாளெல்லாம் காலையில் ஒன்று, மத்தியானம் இரண்டு. சில வீடுகளில் மணிக்கணக்காகப் பேசியும் தெரியாத சேதி இந்த வீட்டில் மூன்று ரிங்கில் முடிந்துவிடும்.

அவள் வேலைக்கும் அதுதான் தோதாக இருந்தது. சலவை ஆலையில் படுக்கை விரிப்பு மடிப்பது ஒருத்தி செய்கிற காரியம் இல்லை. சூடான ரோலரிலிருந்து விரிப்பு நாக்கை நீட்டிக்கொண்டு வரும். இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, விரைப்பாக இழுத்து, சேர்த்து, மறுபடி இழுத்து, மறுபடி சேர்த்து, ஐந்தாவது மடிப்பில் அட்டைபோல் ஆக்கி அடுக்க வேண்டும். ஒருத்தி கையை எடுத்தால் அடுத்தவள் அந்தரத்தில் நிற்பாள், பின்னால் வருகிற விரிப்பு தரையில் விழும், சூப்பர்வைசர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வருவார். எனவே போன் ஏப்ரன் பையில் கிடக்கும். மடியில் ஒரு தடவை அதிர்ந்து நின்றால் அவள் மனசுக்குள் 'வந்துட்டார்' என்று சொல்லிக்கொள்வாள். கை நிற்காது.

அவளுக்கு எதிர்ப்பக்கம் மூலை பிடிப்பவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். காலை ஆறு மணிக்கு வாயைத் திறந்தால் இரண்டு மணிக்குச் சங்கு ஊதும்வரை மூட மாட்டாள். ஒரு ரிங் கதை அவளுக்கும் தெரியும். "என் வீட்டுக்காரன் ஒரு மணி நேரம் பேசினாலும் எங்க இருக்கான்னு தெரியாது. உனக்கென்னடி, ராணி" என்பாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வீட்டில் கம்பெனி மாற்றுகிற பேச்சு மகளால் வந்தது. அவள்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். எல்லாரும் போனில்தான் தாள்களை அனுப்புகிறார்கள். அவளிடம் இருந்ததோ கண்ணாடி கீறிப்போய், ஒரு படம் திறப்பதற்குள் மூச்சு வாங்குகிற போன். வாடிக்கையாளர்கள் முன்னால் அதைத் தட்டித் தட்டி அவளுக்கு அவமானமாக இருந்தது. அடுத்த மாதத்துக்குள் நல்ல போன் இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டு சொன்னதால் அது பொய்யில்லை என்று தெரிந்தது.

ரீசார்ஜ் அக்கா ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள். புதிதாக ஒரு காலண்டர் தாளைக் கிழித்துக் கட்டம் போட்டாள். மொத்தக் காசையும் கொடுத்துப் போன் வாங்குவது, தவணையில் வாங்குவது, பழைய போன் ஒன்றைப் பிடிப்பது, எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தாள். கடைசியில் புதுக் கம்பெனி ஒன்றின் குடும்பப் பிளானில் வந்து நின்றாள். ஒரே வீட்டிலிருந்து மூன்று நம்பர் சேர்ந்து வந்தால், நம்பர் மாறாது, பேச்சுக்குக் கணக்கே கிடையாது, நெட் தாராளம், டச் போன் ஒன்று பாதி விலைக்கு. ஒரே நிபந்தனை, மூன்று நம்பரும் ஒரு வருஷம் அங்கேயே இருக்க வேண்டும். ஒன்று வெளியே போனாலும் போனின் முழு விலையையும் கட்ட வேண்டும்.

டவர் எங்கெங்கே எடுக்கும் என்பதற்கும் ஒரு கட்டம் போட்டாள். அவளா விடுவாள். போன் கடைக்காரரிடம் அந்தக் கம்பெனி சிம் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் ஒவ்வொரு அறையிலும் நின்று பார்த்தாள். குளியலறையில்கூட நான்கு கோடு நின்றது. ஆலையில் ரோலருக்குப் பக்கத்தில் பார்த்தாள். மகளின் கடைக்குப் போய்ப் பார்த்தாள். மூன்றுக்கும் டிக் அடித்தாள். பம்ப் ஹவுஸ்தான் பாக்கி. அங்கே போக ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும், ஆஃபரோ சனிக்கிழமையோடு முடிகிறது. கடைக்காரர் கம்ப்யூட்டரைத் திருப்பி அவளிடம் ஒரு படத்தைக் காட்டினார். ஊர், ஆறு, பாறை, அதற்கும் அந்தப்பக்கம், எல்லாம் ஒரே பச்சை. "பச்சை இருக்கற இடமெல்லாம் டவர் இருக்கும்மா" என்றார்.

மூன்று இடத்தில் காலால் நடந்து போய்ப் பார்த்தவள் நாலாவது இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பச்சையாகத்தான் இருந்தது. டிக் அடித்தாள்.

கணவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. "உனக்குத் தெரியாததா" என்றார். இந்த விஷயத்தில் அவர் எப்போதும் அப்படித்தான். அவருடைய பட்டன் போனில் இரண்டாம் நம்பரை அழுத்திப் பிடித்தால் அவளுக்குப் போகும்படி பழையபடியே செய்து கொடுத்தாள். வேறு நம்பர் எதையும் அவருக்குத் தேடக்கூடத் தெரியாது.

சிம் மாறிய அன்று மகள்தான் சிரித்தாள். இனிமேல் எவ்வளவு பேசினாலும் ஒரே காசுதான், இன்னும் எதற்கு மிஸ்டு கால், எடுத்துப் பேசுங்கள் என்றாள். அவர்களும் ஒரு நாள் முயன்று பார்த்தார்கள். அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டார். அவள் சமையலறையில் எடுத்தாள்.

"சொல்லுங்க."

"நீ சொல்லு."

"நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"ம். வாசல்லதான் இருக்கேன்."

"சரி."

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர்களுக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் காசுக்குப் பயந்து மூடி வைத்த வாய் இலவசம் என்றதும் எங்கே திறக்கும். மறுநாளிலிருந்து பழையபடி ஒரு ரிங்கே வந்தது.

ஆனால் அந்த ஒரு ரிங் பழைய ரிங்காக இல்லை. பள்ளத்துக்குள் டவர் இல்லை. ஜன்னல் ஓரம் மோட்டார் பெட்டியின்மேல் போனை வைத்தால் ஒரு கோடு வரும், போகும். கூப்பிட்டால் ஒரு ரிங் போகும், அதோடு தானே அறுந்துவிடும். இரண்டு ரிங் விட அவரால் முடியவில்லை. அதனால் கிளம்பும் சேதியை மேட்டுச் சாலைக்கு ஏறி வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. ரிங் போனதா இல்லையா என்று தெரியாமல் சில காலைகளில் ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாகக்கூட ஒற்றை ரிங் விட்டார். ரேடியோவுக்கு அது புதுச் சிரிப்பு. அவளுக்கு முதலில் சங்கடமாகவும் பிறகு எரிச்சலாகவும் இருந்தது. காலண்டர் தாளில் தான் அடித்த டிக்கை அந்த ரிங் ஒவ்வொன்றும் கேலி செய்வதாக அவளுக்குப் பட்டது.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"என் நம்பரை மட்டும் பழைய கம்பெனிக்கே மாத்திக் குடுத்துடு."

ஒரு நம்பர் போனாலும் முழு விலை என்பதை அவள் மறுபடி எடுத்துச் சொன்னாள். தெரியும் என்றார். தெரிந்தும் கேட்டால் என்ன அர்த்தம் என்றாள். அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அங்க நான் ஒத்தையாக் கிடக்கறேன். ஒரு அவசரம்னா உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு வருஷத்துல எத்தனை அவசரம் வந்துச்சு? மொபெட்டு நின்னது ஒரு அவசரமா?"

"வராதுன்னு எழுதி வெச்சிருக்கா உன் தாள்ல?"

தாளைச் சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தெருவே வந்து கேட்டுப் போகிற தாள் அது. பெற்ற பெண்ணின் வேலைக்காக ஒன்பது நாள் மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது.

"உங்களுக்கு ஒரு ரிங்தானே வேணும்? ஒரு ரிங் போகுதில்ல? அதுக்கு மேல எதுக்கு டவர்?"

அவர் கையைக் கழுவ எழுந்துவிட்டார். தட்டில் பாதி அப்படியே இருந்தது. மகள் புதுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலை குனிந்து சாப்பிட்டாள். சொன்ன மறுநிமிஷமே சொன்னவளுக்கே சுட்டது. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் டீ கொடுக்கும்போது ஏதாவது சொல்லிச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். காலையில் அவள் எழுவதற்குள் அவர் டீ குடிக்காமலே கிளம்பிப் போயிருந்தார்.

ஆறு மணிக்கு மடியில் ஒரு ரிங் அதிர்ந்தது. வந்துட்டார். கோபம் இருந்தாலும் ரிங்கை நிறுத்தவில்லையே என்று மனசு கொஞ்சம் இளகியது. அன்று ஆஸ்பத்திரி விரிப்புகள் எக்கச்சக்கமாகக் குவிந்திருந்தன. ஒன்பது மணி வண்டிக்குக் கட்டுகள் ஏறியாக வேண்டும். சூப்பர்வைசர் உள்ளேயே நின்றுகொண்டிருந்தார்.

ஏழு மணி தாண்டி ஐந்து நிமிஷம் இருக்கும். மறுபடி ஒரு ரிங். நின்றது. மூச்சு விடுவதற்குள் மறுபடி ஒரு ரிங். மறுபடி ஒன்று.

மூலையை நீட்டிய ரேடியோவுக்கு அவள் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது. "என்னடி, மறுபடியுமா? உன் வீட்டுக்காரரு இன்னைக்கு மூணு நாலு தடவை போய்ச் சேர்ந்துட்டாரு போல."

"வாயைக் கழுவு" என்றாள் அவள். ஆனால் அவளுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு போய்க் கோபம் வந்தது. நேற்று வாயால் முடியாததை இன்று மணியடித்துக் காட்டுகிறார் என்று நினைத்தாள். ஒரு ரிங்தானே வேண்டும் என்றாயே, இந்தா வாங்கிக்கொள், இன்னொன்று வாங்கிக்கொள் என்று சொல்கிறார். இத்தனை வயசில் இப்படி ஒரு வீம்பா. வீட்டுக்கு வரட்டும்.

ஐந்தாவது ரிங் அடித்தபோது விரிப்பின் ஒரு மூலை கையிலிருந்து நழுவியது. சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். அவள் ரேடியோவிடம் ஒரு கையைக் கடன் கேட்டு, போனை எடுத்து, திரையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சத்தத்தையும் அதிர்வையும் அணைத்து, ஆணியில் தொங்கிய சாப்பாட்டுப் பைக்குள் போட்டுவிட்டு வந்தாள். இரண்டு கையும் வேலைக்குக் கிடைத்தன. ஒன்பது மணிக்குள் கட்டுகள் வண்டியில் ஏறின. நல்ல வேகம் என்று சூப்பர்வைசரே சொன்னார்.

பத்து மணி டீக்கு வெளியே வந்தபோது தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஊர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்றார்கள். பிள்ளைகள் குதித்தன, பெண்கள் பக்கெட்டோடு ஓடினார்கள். ஒன்பது மணிக்கு நிறுத்த வேண்டிய மோட்டார் இன்னும் ஓடுகிறது. கோபத்தில் மனுஷன் மோட்டாரை மறந்து உட்கார்ந்திருக்கிறார், ஆபீஸிலிருந்து வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது. பிற்பாடு வேறு எதையும்விட அந்தத் திருப்திதான் அவளைப் போட்டு அறுத்தது.

பதினொன்றரைக்குச் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். போன் சத்தமில்லாமல் வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது. யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், கட் பண்ணவில்லை. அவர்கள் வீட்டு ஆட்கள் யாரும் இவ்வளவு நேரம் ரிங் விட மாட்டார்கள். எடுத்தாள்.

ஊர்த் தொட்டியின் வால்வுக்காரர் பேசினார். தண்ணீர் வழிகிறதே என்று பைக்கில் பம்ப் ஹவுஸுக்குப் போனவர் அவர். "அக்கா, அண்ணன் கீழ விழுந்து கிடந்தாரு. மூச்சு இருக்கு. பேச்சு வரல. வண்டியில ஏத்திட்டோம், பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க." அவரிடம் இருந்தது பழைய கம்பெனி சிம். பள்ளத்துக்குள் நின்றுதான் பேசினார். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்கவைத்திருந்தார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, வலது கை யாருடையதோபோல் கிடந்தது. இடது கைக்குள் பட்டன் போன் இருந்தது, பிடியை விடுவிக்க முடியவில்லை என்றார் வால்வுக்காரர். மோட்டாரிலிருந்து ஜன்னலோரப் பெட்டிவரை, தரையில் இழுத்துக்கொண்டு போன தடம் இருந்ததாம். டவர் வருகிற இடத்துக்கு நகர்ந்திருக்கிறார் என்பதை வால்வுக்காரர் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது.

மகளும் கடையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். டாக்டர் வெளியே வந்தபோது பன்னிரண்டு நாற்பது. ரத்தம் கட்டி மூளைக்குப் போகிற குழாயை அடைத்திருக்கிறது என்று சொன்னார். அதைக் கரைக்க ஊசி இருக்கிறது, ஆனால் ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் போடலாம் என்றார்.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு யாருக்காவது தெரியுமா? சாதாரணமா தனியா இருந்தவங்க விஷயத்துல இது தெரியாது. உத்தேசமாச் சொன்னாலும் போதும்."

மகள் அம்மா கையிலிருந்த போனை வாங்கித் திறந்தாள். திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். ஆறு மணிக்கு ஒன்று. பிறகு ஏழு ஐந்து, ஏழு ஆறு, ஏழு ஆறு, ஏழு எட்டு. அப்படியே ஒன்பது மணி வரைக்கும். கடைசி நான்கு ரிங்குக்கு நடுவில் நீண்ட இடைவெளிகள் இருந்தன.

"ஏழு மணி அஞ்சு நிமிஷம் டாக்டர்" என்றாள் மகள்.

"இவ்வளவு சரியாவா?"

"சரியாத்தான்."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று முப்பத்தைந்துக்குள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது, இனிமேல் அந்த ஊசி உதவுவதைவிடக் கெடுதல்தான் செய்யும், மற்றதைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மகள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "பதினாலு தடவைம்மா" என்றாள். அவ்வளவுதான். தன் கையில் இருந்த புதுப் போனை என்ன செய்வதென்று தெரியாதவள்போல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள்.

அவரை வார்டுக்கு மாற்றியபோது கட்டிலில் விரிப்பை விரித்தார்கள். மூலையில் இரண்டு நீலத் தையல், அவர்கள் ஆலையின் அடையாளம். ஐந்தாவது மடிப்பின் தடம்கூட இன்னும் கலையவில்லை. காலை ஒன்பது மணி வண்டியில் வந்த கட்டாகத்தான் இருக்க வேண்டும். அவர் கூப்பிட்டதை எடுக்காமல் அவருக்கே படுக்கை மடித்திருக்கிறாள். அவள் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. வேகமாக வேலை செய்த தன் இரண்டு கைகளையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். நடக்கப் பழக்கலாம், நாளாகும் என்றார்கள். பேச்சைப் பற்றி யாரும் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்வது எல்லாம் அவருக்குப் புரிகிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்கள். அது ஆறுதலா இல்லையா என்று அவளுக்கு விளங்கவில்லை. மகள் காலையில் கடைக்குப் போய்ப் பகலில் திரும்பினாள், அம்மா ஆலையில் மத்தியான ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். ரேடியோ ஒரு தடவை பார்க்க வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், பழத்தை வைத்தாள், வாயைத் திறக்காமலே போய்விட்டாள். ஆலையிலும் இப்போது அவள் பேசுவதில்லை என்று கேள்வி.

ரீசார்ஜ் அக்கா ஒரு நாள் போன் கடைக்குப் போய், கணவருடைய நம்பரை நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். பேச முடியாத மனுஷனுக்குப் போன் எதற்கு என்றாள். கடைக்காரர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆனால் வருஷம் முடியும்வரை மூன்று நம்பரும் உயிரோடு இருந்தாக வேண்டும் என்றார், ஒன்றை நிறுத்தினாலும் முழு விலை. உயிரோடு என்றுதான் சொன்னார். அவர்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள்.

எனவே பட்டன் போன் தலைமாட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மகள்தான் யோசித்து அதை அப்பாவின் இடது கையில் வைத்தாள். ஏதாவது வேண்டுமென்றால் இரண்டாம் நம்பரை அழுத்துங்கள், அம்மா எந்த அறையில் இருந்தாலும் வந்துவிடுவாள் என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் தலையை அசைத்தார். கட்டை விரல் அந்தப் பட்டனைப் பார்க்காமலே கண்டுபிடித்தது.

வீட்டில் நான்கு கோடு. எத்தனை ரிங் வேண்டுமானாலும் தடையில்லாமல் போகும். ஆனால் அவர் ஒரு ரிங்தான் விட்டார். தண்ணீர் வேண்டுமென்றாலும் ஒரு ரிங், புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமென்றாலும் ஒரு ரிங், ஒன்றும் வேண்டாதபோதும் ஒரு ரிங். சரியாக ஒன்று அடித்ததும் விரல் சிவப்புப் பட்டனுக்குப் போய்விடும். மூன்று ரிங் விடுங்கள், அவசரம் என்றால் மூன்று என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்தார். விரலுக்கு அவ்வளவுதான் தெம்பா, வேண்டுமென்றே ஒன்றோடு நிறுத்துகிறாரா என்று அவள் யாரிடம் போய்க் கேட்பாள். மகளிடம் கேட்கப் பயமாக இருந்தது.

ஒரு நாள் காலை மாடி வீட்டு டிரைவரின் மனைவி வந்தாள். நடந்தது அவளுக்குத் தெரியும். விசாரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு மெதுவாக ஆரம்பித்தாள். அவர்களும் கம்பெனி மாறலாம் என்று இருக்கிறார்களாம். இரண்டு நம்பர் சேர்ந்து போனால் ஒரு போன் மலிவாகக் கிடைக்கிறதாம். "நேரம் சரியில்லைதான் அக்கா. ஆனா உங்களைக் கேக்காம என்னிக்கு எதை வாங்கியிருக்கோம்? எது நல்லது?"

காலண்டர் தாள் சுவரிலேயே தொங்கியது. அவள் அதைக் கழற்றவில்லை. கழற்றினால் தப்பித்துக்கொள்வதாக ஆகிவிடும் என்று தோன்றியிருந்தது. அவள் அதன் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"உன் வீட்டுக்காரர் வண்டி எங்க எங்க போகும்?"

"எல்லா ஊருக்கும்தான் போகும். கடைக்காரர் படத்துல காட்டினாரு அக்கா, எல்லா இடமும் பச்சையாத்தான்…"

ரீசார்ஜ் அக்காவின் இடுப்பில் செருகியிருந்த போன் ஒரு ரிங் அடித்து நின்றது.

பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டு அவள் உள்ளே ஓடினாள். தண்ணீர்ப் பாத்திரம் நிறைய இருந்தது. தலையணை நேராக இருந்தது. போர்வை விலகவில்லை. துணி நனையவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். என்ன வேணும், எங்கேயாவது வலிக்கிறதா, புரட்டிப் படுக்கவைக்கட்டுமா என்று கேட்டாள். அவர் எதற்கும் தலையசைக்கவில்லை. கண் மட்டும் அவள்மேல் இருந்தது.

போனை இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டேன்" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இடது கைக் கட்டை விரல் மட்டும் நகர்ந்தது. அவள் கையிலிருந்த போன் ஒரு ரிங் அடித்து நின்றது.